நாலாவது கட்டம்

இடது தோள்பட்டையில் காலையிலிருந்தே வலி. எலும்புக்குள் ஆணியை வைத்து யாரோ மெதுவாகத் திருகுகிற மாதிரி. முப்பத்தொரு வருஷம் உருக்கிய இரும்பைக் கரண்டியில் தாங்கி அச்சு அச்சாக ஊற்றிய தோள் அது. வேலையை விட்டு நாலு மாதம் ஆகியும் வேலை அதை விடவில்லை. அந்தத் தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, வங்கியின் இரண்டாம் ஜன்னலில் நின்று, அவர் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையாக.

பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் கால் மாற்றி நின்றார்.

"பெரியவரே, மெஷின்தான் எண்ணிடுச்சே," என்றான் ஜன்னலுக்குள் இருந்தவன்.

"மெஷினுக்கா நாளைக்குச் சோறு வேணும்? எனக்கு வேணும். நீ பேசாம இரு, கணக்கு தப்பிடும்."

முப்பத்திரண்டாயிரம். மூன்று தடவையும் அதேதான். வர வேண்டியது நாற்பதாயிரம்.

"மிச்சம் எட்டாயிரம் எங்கே?"

"உங்க கணக்குக்கு வந்ததே இவ்வளவுதான். அனுப்பினவங்களைத்தான் கேக்கணும்."

அவர் பணத்தை மஞ்சள் துணிப்பையில் போட்டு, பையைச் சட்டைக்குள் விட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். யார் எடுத்தது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எப்படி எடுத்தான் என்பதுதான் தெரியவில்லை.

பட்டறையில் அவருக்குக் கரண்டி என்று பெயர். உலையிலிருந்து கரண்டியைத் தூக்கினால் ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தாது என்பதால் வந்த பெயர். ஒரு காசும் சிந்தாது என்பதால்தான் வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தப் பட்டறை வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். சம்பள நாளில் உறையை வாங்கியவுடன் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று எண்ணிவிட வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டால் நூறு குறைந்தாலும் சரி, பாதி குறைந்தாலும் சரி, கேட்க நாதியில்லை. கரண்டி சேர்ந்த முதல் மாதம் அது தெரியாமல் பஸ் நிறுத்தத்தில் போய் உறையைப் பிரித்தார். நாலு நாள் கூலி குறைந்தது. ஓடி வந்தார். காசாளர் மேஜையைவிட்டு எழுந்திருக்காமல், "கோட்டைத் தாண்டிட்டியே தம்பி," என்றார், ஏதோ இழவுச் செய்தி கேட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அந்த நாலு நாள் கூலி போனது போனதுதான். அதற்குப் பிறகு முன்னூற்றெழுபது சம்பள உறைகளைக் கரண்டி அந்தக் கோட்டுக்கு உள்ளே நின்று மும்மூன்று தடவை எண்ணியிருக்கிறார். பட்டறைக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். கையில் வாங்கி எண்ணாத காசு காசே இல்லை என்பது அவர்கள் சுவாசித்த மணல் மாதிரி நெஞ்சுக்குள் படிந்துபோன விஷயம்.

பட்டறை கை மாறியது. புது முதலாளி ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களை எல்லாம் கணக்குத் தீர்த்து அனுப்பினான். கரண்டிக்கு வயது ஐம்பத்தாறு. மாதாமாதம் பிடித்துச் சேர்த்த ஓய்வு நிதி நாற்பதாயிரம். பட்டறையோடு போட்ட கணக்கு மூடப்படுவதால், அதை வேறு ஒரு நிதிக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அறுபது வயதுக்குப் பிறகு அவருக்கும் அவர் மனைவிக்கும் வாடகைக்கும் வயிற்றுக்கும் இருந்த ஒரே பிடிமானம் அதுதான். இப்போது அவர் ஒரு மரக்கிடங்கில் வாசல் காவல். அந்தச் சம்பளத்தில் இன்றைய பொழுதை ஓட்டலாம். நாளைக்கு ஒன்றும் மிஞ்சாது.

மாற்றுவதற்கான படிவத்தை நிரப்பியது மருமகன். டயர் விற்கும் கடையில் கணக்கு எழுதுகிறவன். கரண்டி அவனுக்கு வைத்திருந்த பெயர் பேனா. உடம்பில் ஒரு தழும்பில்லாமல் சம்பாதிக்கிற ஆளை அவரால் முழு ஆளாக எடுத்துக்கொள்ள முடிந்ததில்லை. பேனா சமையலறை மேஜையில் உட்கார்ந்து பென்சிலால் நிரப்பினான்.

"முதல்ல பென்சில்ல போடறேன் மாமா. நீங்க பார்த்துட்டு மேல பேனாவால எழுதிக் கொடுத்துடுங்க."

பணம் யாருக்கு என்ற இடத்தில் இரண்டு கட்டம். 'நேரடியாகப் புதிய நிதிக்கு' என்று ஒன்று. 'உறுப்பினர் கையில்' என்று ஒன்று. பேனா முதல் கட்டத்தில் டிக் போட்டான்.

"இது எதுக்கு?"

"உங்க கைக்கு வராம நேரா அங்க போயிடும் மாமா. அதுதான் நல்லது."

உங்க கைக்கு வராம. அந்த மூன்று வார்த்தை போதுமாக இருந்தது. புதிய நிதியின் விளம்பரத் தாளும் பேனாவின் பையிலிருந்துதான் வந்தது. அவன் கிளம்பியதும் கரண்டி மனைவியின் தையல் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்து அந்த டிக்கை அழித்தார். 'உறுப்பினர் கையில்' என்ற கட்டத்தில் மையால் அழுத்தி டிக் போட்டார். பணத்தை வாங்கி, எண்ணி, பிறகு தன் கையால் கொண்டுபோய்ப் புதிய நிதியில் கட்டுவது என்பது அவர் ஏற்பாடு. யாரிடமும் சொல்லவில்லை. பேனாவின் பல்லைப் பிடுங்கிவிட்டதாக இரண்டு நாள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது எட்டாயிரம் இல்லை. அப்படியும் எடுத்துவிட்டானே என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தார். பட்டறைச் சம்பளத்தில் ஐந்து மாதக் கூலி.

பணத்தைத் தகரப் பெட்டிக்குள் பழைய பூட்ஸுகளுக்குள் திணித்து வைத்தார். மனைவி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் பார்த்தாள். துணிக்கடைக்காரன் ஒருவனுக்குக் கால்சட்டை ஓரம் மடித்துத் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி.

"ஏங்க, அதைப் போய் நிதியில கட்டல?"

"கட்டறேன். கணக்கு நேராகட்டும்."

"என்ன கணக்கு?"

சொன்னார். அவள் குண்டூசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளையா? அவரு எதுக்கு எடுக்கப் போறாரு?"

"எதுக்குன்னு எடுத்தவனைக் கேளு."

"நீங்க என்னைக்காவது யாரையாவது நம்பியிருக்கீங்களா?"

"உன்னை நம்பறேன்ல."

"கிழிச்சீங்க. வாரத்துக்கு ஒருதரம் என் தையல் பெட்டியைக் கிளறுறது எலியா?"

அந்த வாரமே பேனா இரண்டு தடவை போன் செய்தான். மூன்றாவது வாரம் மறுபடியும். கரண்டி போனை வாங்க மறுத்தார். "அவரு முக்கியமா ஏதோ சொல்லணும்கிறாரு," என்றாள் மனைவி. "திருடினவனுக்குத்தான் முக்கியமா சொல்ல ஏதாவது இருக்கும்," என்றார். அவர் வேறு வழியில் துப்புத் துலக்கிக்கொண்டிருந்தார்.

மகள் வீட்டுக்குப் புதிதாகத் துணி துவைக்கும் மெஷின் வந்திருக்கிறது என்று மனைவி வாய் தவறிச் சொன்னாள். கரண்டி அடுத்த நாளே கடைக்குப் போய் அதே மாதிரி மெஷின் முன்னால் நின்றார். கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுத் தட்டிப் பார்த்தார்.

"இது என்ன விலை?"

"ஆயிரத்து நூற்றைம்பது. தவணையிலயும் தரோம் பெரியவரே."

ஆயிரத்து நூற்றைம்பது. அப்படியானால் மீதி ஆறாயிரத்து எண்ணூற்றைம்பது எங்கே என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

பட்டறையில் மணலில் அச்சு எடுத்த பழைய கூட்டாளி ஒருவர் இருந்தார். எந்தக் கணக்கையும் தாளில்லாமல் போடுவார் என்பதால் வாய்க்கணக்கு என்று பெயர். அவர் தன் பணத்துக்காக நிதி அலுவலகத்துக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். ஒரு நாள் அந்த அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் பார்த்தபோது அவர்தான் நெருப்பை ஊதிவிட்டார்.

"உன் மாப்பிள்ளையைப் போன மாசம் மாடியில பார்த்தேன் கரண்டி. மூணாவது கவுண்டர்ல. உனக்காக வந்தாரா?"

"நான் அனுப்பல," என்றார் கரண்டி.

"அட. அப்ப எதுக்கு வந்தாரு? கையில ஒரு காகிதம் வேற வெச்சிருந்தாரு. கவுண்டர்ல இருந்த பொம்பளை தலையை ஆட்டிட்டே இருந்துச்சு, இவரு கேட்டுட்டே இருந்தாரு."

"எவ்வளவு நேரம்?"

"நான் ஒண்ணுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும். என் வயசுல அது கால் மணி நேரம்."

வேறு சமயமாயிருந்தால் கரண்டி சிரித்திருப்பார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் வீட்டுக்குப் போனார். மகள் குளித்துக்கொண்டிருந்தாள். பேனா ரொட்டி வாங்கப் போயிருந்தான். கூடத்தில் மேஜையின் இழுப்பறை பாதி திறந்து கிடந்தது. உள்ளே பழுப்பு உறை. அதன்மேல் கரண்டியின் முழுப் பெயர், தடித்த எழுத்தில். ஓரம் பிரித்திருந்தது.

நிதி அலுவலகத்துக் கடிதங்கள் அந்த முகவரிக்குத்தான் வரும். அதைக் கொடுத்தது அவரே. அவர் குடியிருப்பில் தபால் பெட்டிக்குப் பூட்டு இல்லை. அண்டை வீட்டுக்காரர்கள் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று ஒரு சந்தேகம். அதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. என் பேருக்கு வந்த கடிதம், இவன் வீட்டு இழுப்பறையில், பிரித்தபடி. அவ்வளவுதான் தெரிந்தது.

உள்ளே கட்டம் கட்டமாக ஒரு சீட்டு. முதல் கட்டத்தில், 'நிதியிலிருந்து எடுத்த மொத்தத் தொகை: 40,000.' மேலே, 'ஒரு பிரதி வரி அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது.' அவர் அதற்குக் கீழே போகவில்லை. நாற்பதாயிரம் கொடுத்ததாக அவர்களே அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். கைக்கு வந்தது முப்பத்திரண்டு. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

பேனா ரொட்டிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான். மாமனார் கையில் இருந்த சீட்டைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. கரண்டிக்கு அதுவும் ஒரு சாட்சி.

"வாங்க மாமா. அதைப் பத்தித்தான் உங்களுக்குப் போன் மேல போன்..."

"என் எட்டாயிரம் எங்கே?"

"மாமா, நாலாவது கட்டத்தைப் பாருங்க. அதுல..."

"கட்டத்தை நீ பாரு. நீதானே பேனா பிடிக்கிறவன். நான் இரும்பு பிடிச்சவன், எனக்குக் காசைப் பார்த்தா போதும். நாற்பது கொடுத்தேன்கிறான் அவன். முப்பத்திரண்டு வந்துச்சு எனக்கு. நடுவுல நிக்கறது நீ."

மகள் ஈரத்தலையோடு வந்து நின்றாள். "என்னப்பா பேசறீங்க?"

"அந்த மெஷின் யாரு காசு?"

அவள் உள்ளே போய்த் தவணை அட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். மாதம் தொண்ணூற்றாறு. இரண்டு தவணை கட்டியிருந்தது.

"எண்ணிக்கோங்க. எண்ணி முடிச்சாச்சுன்னா கிளம்புங்க."

பேனா ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். கரண்டி சீட்டை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

மனைவி நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், வாயில் குண்டூசியோடு, "அந்த நாலாவது கட்டத்துல என்னதான் எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"என்னமோ எழுதியிருக்கு."

"படிங்களேன்."

கண்ணாடியைப் போட்டுப் படித்தார். 'பிடித்தம் செய்த வரி: 8,000.' இரண்டு தடவை படித்தார். பிறகு, "இப்படி எழுதி வெச்சுக்கிட்டு அந்தப் பொம்பளையும் இவனும் பங்கு போட்டிருந்தா?" என்றார். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. மறுநாள் கிடங்கில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு நிதி அலுவலகத்துக்குப் போனார்.

மூன்று மாடி. தோள் வலித்தது, முட்டியும் சேர்ந்துகொண்டது. மூணாவது கவுண்டரில் இருந்த அம்மாளுக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கைக் கைக்குட்டையில் சிந்திக்கொண்டே சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"இதுல என்ன சந்தேகம்?"

"எட்டாயிரத்தை யாரு எடுத்தது?"

"அரசாங்கம். ஓய்வுப் பணத்தை ஆள் கையில கொடுத்தா அஞ்சுல ஒரு பங்கைப் பிடிச்சு வரி அலுவலகத்துல முன்கூட்டியே கட்டிடணும். அதுதான் சட்டம். நேரா இன்னொரு நிதிக்குப் போனா ஒரு காசு பிடிக்க மாட்டோம்."

"நான் கையில வாங்கினது எண்ணிப் பார்க்கத்தான். திரும்பக் கட்டத்தான் போறேன்."

"அது எங்களுக்கு எப்படித் தெரியும் அய்யா? நீங்க செலவுக்கு எடுக்கறீங்களா, எண்ணறதுக்கு எடுக்கறீங்களான்னு படிவத்துல கேள்வி இல்லையே." அவள் சொல்லிவிட்டுத் தும்மினாள். "பணம் உங்க கணக்குக்கு வந்த நாள்லேருந்து அறுபது நாள். அதுக்குள்ள புது நிதியில நாற்பதாயிரத்தையும் கட்டிட்டீங்கன்னா இதை இடமாற்றம்னு வரிக் கணக்குல எழுதலாம். வரி இல்லை. பிடிச்ச எட்டாயிரமும் அடுத்த வருஷம் கணக்குக் கொடுத்த பிறகு திரும்பி வரும்."

"நாற்பதா? என் கையில முப்பத்திரண்டுதானே இருக்கு."

"எட்டை நீங்கதான் வேற எங்கேயாவது புரட்டிப் போடணும். முப்பத்திரண்டு மட்டும் போட்டா, அந்த எட்டை நீங்க செலவுக்கு எடுத்த மாதிரி ஆகும். அறுபது வயசுக்கு முன்னாடி எடுத்ததால வரியும் கட்டணும், மேல தண்டமும் கட்டணும். ரெண்டாயிரத்து எண்ணூறு போயிடும். ஒண்ணுமே போடலைன்னா நாற்பதுமே உங்க வருமானம். அப்ப பதினாலாயிரம்."

"என் கண்ணுலயே படாத எட்டாயிரத்துக்கும் நான் வரி கட்டணுமா?"

"உங்க பேர்லதானே கட்டியிருக்கோம். அதனால அதுவும் உங்களுக்கு வந்ததுதான்."

கரண்டிக்குப் பட்டறைக் காசாளரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. கோட்டைத் தாண்டிட்டியே தம்பி. இங்கே கோடு எங்கே போட்டிருக்கிறது என்றே தெரியாமல் தாண்டியாயிற்று.

"அந்தப் படிவத்தைக் காட்ட முடியுமாம்மா?"

அவள் உள்ளே போய்க் கொண்டுவந்தாள். 'உறுப்பினர் கையில்' என்ற கட்டத்தில் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்ட மை டிக். மேலே முதல் கட்டத்தில், ரப்பர் தேய்த்த இடம் லேசாக அழுக்கேறி, அதற்கடியில் பென்சில் கோடு இன்னும் தெரிந்தது.

"முதல்ல யாரோ சரியாத்தான் போட்டிருக்காங்க," என்றாள் அந்த அம்மாள். "அப்புறம் யாரு மாத்தினது?"

அவர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"போன மாசம் ஒருத்தர் வந்தாரு. கண்ணாடி போட்டவரு. உங்க சீட்டை வெச்சுக்கிட்டு, நேரா போக வேண்டிய பணம் ஏன் கையில கொடுத்ததா வந்திருக்குன்னு கேட்டாரு. உறுப்பினர் வந்தாத்தான் சொல்ல முடியும்னு சொன்னேன். போகவே மாட்டேன்னாரு. கடைசியில அறுபது நாள் விஷயத்தைப் பொதுவா சொல்லி அனுப்பினேன். அவரு உங்ககிட்ட சொல்லலையா?"

"எத்தனை நாள் ஆச்சு இன்னியோட?"

அவள் விரல் விட்டுப் பார்த்தாள். "நாற்பத்தொன்பது."

படிக்கட்டில் இறங்கும்போது ஒவ்வொரு தளத்திலும் நின்றார். வலி ஒரு சாக்கு.

பதினோரு நாள். வாய்க்கணக்கிடம் எட்டாயிரம் கடன் கேட்டார். அவருடைய பணம் இன்னும் வந்தபாடில்லை. மூணாவது கவுண்டரில் கேட்டதைச் சொன்னதும் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "நானும் கையிலதான் கேட்டிருக்கேன் கரண்டி. பட்டறைக்காரன் எவன் நேரா அனுப்புன்னு எழுதுவான்?" அன்றே படிவத்தை மாற்றி எழுத ஓடினார். வட்டிக்கு விடுகிறவன் ஒருவன் மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து என்றான். ரெண்டாயிரத்து எண்ணூறை விட்டுத் தொலைக்கலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் போன நாலு நாள் கூலி முப்பத்தொரு வருஷமாக நெஞ்சில் நிற்கிறது. ரெண்டாயிரத்து எண்ணூறு எத்தனை வருஷம் நிற்கும்?

ஐந்து நாள் கழித்து டயர்க் கடைக்குப் போனார். கண்ணாடி அறைக்குள் பேனா ரசீதுகளைக் கம்பியில் குத்திக்கொண்டிருந்தான். எங்கும் ரப்பர் வாசனை. உட்காரச் சொன்னான். கரண்டி உட்காரவில்லை.

"எட்டாயிரம் வேணும்."

பேனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நான் எடுத்துட்டேன்னு சொன்னீங்களே, அந்த எட்டாயிரமா மாமா? இல்ல வேற எட்டாயிரமா?"

கரண்டிக்கு முகத்தில் உலையின் வாயைத் திறந்த மாதிரி சூடு அடித்தது. இந்தப் பையனுக்குள் இவ்வளவு இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"டிக்கை நான்தான் மாத்தினேன்."

"தெரியும். சீட்டுல ஏழாவது கட்டத்துல ஒண்ணுன்னு போட்டிருக்கு. ஆள் கையில கொடுத்தது, வயசுக்கு முந்தி எடுத்ததுன்னு அதுக்கு அர்த்தம். பின்னாடி சின்ன எழுத்துல இருக்கு." அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். "என்கிட்ட அவ்வளவு ரொக்கம் கிடையாது. என் ஓய்வுக் கணக்குல கடனா எடுக்கலாம். கடனா எடுத்தா வரி இல்லை. மாசாமாசம் என் சம்பளத்துல பிடிப்பாங்க. ஆனா இந்த வேலை போயிடுச்சுன்னா, இல்ல தவணை தவறிடுச்சுன்னா, மிச்சம் இருக்கறதை நான் எடுத்துக்கிட்ட மாதிரி எழுதி அனுப்பிடுவாங்க. உங்களுக்கு வந்த மாதிரியே எனக்கும் ஒரு சீட்டு வரும்."

எதற்குச் செய்கிறான்? அந்தக் கேள்வி கரண்டியின் வாய்வரை வந்தது. வாய்வரை வந்தது அவர் வாயில் தங்கினதில்லை.

"உனக்கு இதுல என்ன லாபம்?"

"உங்க பொண்ணு பத்து நாளா என்கிட்ட பேசல மாமா. 'எங்கப்பா கையில சீட்டு கிடைக்கற மாதிரி இழுப்பறையைத் திறந்து போட்டது யாரு'ன்னு ஒரு நாள் கேட்டா. அதோட சரி. வீட்டுல மெஷின் சத்தம் மட்டும்தான் கேக்குது."

அவன் சிரிக்கவில்லை. கரண்டியும் சிரிக்கவில்லை.

ஐம்பத்தெட்டாம் நாள் காலை, புதிய நிதியின் அலுவலகம். கரண்டி மஞ்சள் பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வாசல்படியில் காத்திருந்தார். ஒன்பதே கால் ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. வரமாட்டான் என்று தோன்றியது. நியாயமாகப் பார்த்தால் வரக்கூடாதுதான் என்றும் தோன்றியது. ஒன்பதே முக்காலுக்குப் பேனா வந்தான், உறையோடு.

"எண்ணுங்க மாமா. வாசலைத் தாண்டறதுக்கு முன்னாடியே எண்ணிடுங்க."

மஞ்சள் கோட்டுக் கதையை மகள் சொல்லியிருக்க வேண்டும். ஒரே தடவை எண்ணினால் போதும் என்று கரண்டி நினைத்தார். மருமகன் வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவன் கடியாரத்தைப் பார்ப்பதும் தெரிந்தது. ஆனால் முதல் தடவை முடிந்ததும் கட்டை விரல் தானாக மறுபடி எச்சில் தொட்டது. மூன்று தடவை எண்ணினார். எட்டாயிரம்.

"இதுலயும் கையெழுத்துப் போடணும்," என்று பேனா ஒரு தாளை நீட்டினான். "உங்க பொண்ணு இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கா. அவதான் கேட்டு வாங்கிட்டு வரச் சொன்னா."

மகள் கைப்பட எழுதியது. இந்தத் தேதியில் அப்பா என் கணவரிடம் வாங்கிய கடன் 8,000 என்று எழுதியிருந்தது. எட்டுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு ஒன்று போட்டால் பதினெட்டாயிரம். கரண்டி அதைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. பெற்ற மகள் எழுதியது, கொடுப்பவன் தன் சொந்தக் கணக்கை உடைத்துக் கொடுப்பது, எல்லாம் தெரிந்தும் பேனாவை வாங்கி, எட்டுக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தில் ஒரு கோடு இழுத்தார். இழுத்த பிறகுதான் மருமகன் பார்த்துக்கொண்டிருப்பது உறைத்தது.

"எழுத்தாலயும் எழுதிடுங்க மாமா," என்றான் அவன், சாதாரணமாக. "அதுதான் முறை. நான்தான் அவகிட்ட சொல்ல மறந்துட்டேன்."

'எட்டாயிரம் மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தான். ஒரு டீ குடித்துவிட்டுப் போ என்று சொல்ல வாயெடுத்தபோது அவன் தெருமுனையில் இருந்தான்.

உள்ளே ஜன்னலில் இருந்தவன் நாற்பதாயிரத்தையும் மெஷினில் போட்டு எண்ணினான். "புதுப் பணமா, இடமாற்றமா?"

"இடமாற்றம். அந்த வார்த்தையை ரசீதுல எழுதிக் கொடு."

"அச்சுலயே வரும்."

"வரட்டும், பார்க்கறேன்."

ரசீதை வாங்கி ஜன்னலை விட்டு நகராமல் படித்தார். முதல் கட்டம், இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, கடைசிவரைக்கும், பின்பக்கத்துச் சின்ன எழுத்து உட்பட. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். வரிக் கணக்கு கொடுக்க இன்னும் ஏழு மாதம். அதற்கு மேல் அவர்கள் பார்த்து, சரியென்று சொல்லி, பிடித்ததைத் திருப்பி அனுப்ப இரண்டு மூன்று மாதமாகலாம் என்று ஜன்னல்காரன் சொன்னான். ஆகலாம் என்றுதான் சொன்னான், ஆகும் என்று சொல்லவில்லை. கரண்டி அதைக் கவனித்தார். அதுவரை டயர்க் கடையில் ஒருத்தன் வேலை போகாமல் இருக்க வேண்டும்.

வீட்டில் மனைவி மிஷினை நிறுத்தினாள். "கட்டியாச்சா?"

"கட்டியாச்சு."

"அவரு எண்ணிக் கொடுத்தாரா?"

"நான் எண்ணி வாங்கினேன்."

"எத்தனை தரம்?"

அவர் பழைய சம்பள உறை ஒன்றை எடுத்து, ரசீதை உள்ளே வைத்தார். உறையின்மேல் பென்சிலால் எழுத ஆரம்பித்து, நிறுத்தி, மனைவியின் பெட்டியில் மை பேனாவைத் தேடி எடுத்து எழுதினார்: மாப்பிள்ளைக்குத் தர வேண்டியது, எட்டாயிரம்.